பரீட்சை, கதைப் புத்தகம், நாடகம்: ஒரு செமஸ்டரில் மூன்றையும் கொண்டுபோகும் வழி

பரீட்சை டைம்டேபிள் ஒட்டிய அன்று சாயங்காலம் ஹொஸ்டலில் எல்லாரும் ஒரே முடிவைத்தான் எடுப்பார்கள்: பரீட்சை முடியும் வரைக்கும் இனி எதுவும் கிடையாது. கதைப் புத்தகம் பெட்டிக்கு அடியில் போய்விடும், நாடகக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் சத்தம் இருக்காது, லீவுக்கு வீடு இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடலாம் என்று நாலு மாதமாகப் பேசிய பேச்சும் அப்படியே ஆறிப்போகும். முதல் வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டாம் வருடம் அதற்கு நேர்மாறாக, ஒத்திகைதான் பெரிது என்று ஓடிவிட்டு ஒரு பேப்பரை ரிப்பீட் எழுதினேன். மூன்றாம் வருடம் ஒரு வழி கிடைத்தது, நாலாம் வருடமும் அது கைகொடுத்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டத்திலிருந்து கெம்பஸ் வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளை நினைத்துத்தான் எழுதுகிறேன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு வீடு ஹட்டன் பக்கமோ மஸ்கெலியா பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ இருக்கிறவர்களுக்கு.

வழி இதுதான். நாடக வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று ஆள் வேண்டிய வேலை, மற்றது ஆள் வேண்டாத வேலை. ஒத்திகை, பாட்டு, மேடை, வெளிச்சம் எல்லாம் ஆள் வேண்டிய வேலை, அதை ஒரு நாள்கூட பரீட்சைக்கு முன்னால் இழுக்கக் கூடாது. ஆனால் கதையை மனதில் போட்டு உருட்டுவது, பஸ்ஸில் முன் சீட்டில் இருக்கிற ஆயா பேசுகிற ஒரு வாக்கியத்தைக் குறித்துக்கொள்வது, யார் வீட்டில் என்ன சாமான் இரவல் கேட்கலாம் என்று எழுதி வைப்பது, இதற்கெல்லாம் பத்து நிமிடமும் ஒரு சின்னக் கொப்பியும் போதும். பரீட்சைக் காலத்தில் இந்த இரண்டாவது வேலை மட்டும் உயிரோடு இருக்கட்டும். அது இருந்தால் கடைசிப் பேப்பர் எழுதிய மறுநாள் நீங்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மாட்டீர்கள்.

கலண்டரிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் சாமி படம் போட்ட கலண்டர் ஒன்று தொங்கும், அமாவாசை, போயா எல்லாம் குறித்திருக்கும். அதுபோல ஒன்றை ஹொஸ்டலுக்கும் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். போனில் இருக்கிற கலண்டர் எப்போதும் கண்முன் இருக்காது, எனக்கு அது சரிவரவில்லை. முதலில் பரீட்சை நாட்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் எத்தனை வெறும் நாள் இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள், அந்த எண்தான் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். அடுத்தடுத்த நாள் இரண்டு பேப்பர் விழுந்திருந்தால் இரண்டாவது பேப்பரை முதலாவதற்கும் முன்பே படித்து முடித்திருக்க வேண்டும், இதைப் பலர் கடைசி இரவில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்புறம் நாடகம் போடுகிற நாளை வேறு நிறத்தில் குறியுங்கள். கதை இன்னும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திகதி வேண்டும். கடைசிப் பேப்பரிலிருந்து குறைந்தது மூன்று கிழமை விடுங்கள். தோட்டத்தில் வேலை நாளில் சனம் களைத்துப்போய் வரும், மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளையை எடுத்து, அடுப்பு மூட்டுவதற்குள் இருட்டிவிடும். அதனால் சனிக்கிழமை இரவு அல்லது போயாவுக்கு முந்தின இரவு நல்லது. மழையையும் பாருங்கள். வைகாசிக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் புரட்டாசி வரைக்கும் திறந்த வெளியில் எதையும் நம்பிச் செய்ய முடியாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் கணக்கு வேறு, அங்கே ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான் மழை அதிகம். உங்கள் லீவு மழைக்காலத்தில் விழுந்தால் வருத்தப்பட வேண்டாம், கோயில் மண்டபமோ பாடசாலை ஹோலோ கேளுங்கள், நாடகத்தை அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி சின்னதாக எழுதுங்கள்.

மாசி மாதத்தில் லீவு வந்தால் மட்டும் ஒரு விஷயம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கூத்துக்கு, அதாவது சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடுகிற கூத்துக்கு, காமன் ஊன்றிவிட்டால், காமன் தகனம் வரைக்கும் தோட்டத்தின் இரவுகள் காமன் பொட்டலுக்குச் சொந்தம். அந்த நாட்களில் உங்கள் நாடகத்தைப் போட்டியாகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். பேசாமல் போய் உட்கார்ந்து பாருங்கள். ரதி வேடம் கட்டுகிற அண்ணன் எப்படி நடக்கிறார், வீரபத்திரன் இறங்கும்போது தப்பு மேளத்தின் அடி எப்படி மாறுகிறது, காமன் எரிந்தான் என்கிற எரிந்த கட்சியும் எரியவில்லை என்கிற எரியாத கட்சியும் லாவணிப் பாட்டில் எப்படிக் கேள்விக்குக் கேள்வி மறிக்கின்றன, இதை எந்த விரிவுரையிலும் இந்த அளவுக்குக் கற்றுத்தர முடியாது.

படிப்பது: வசனம் பாடம் பண்ணுகிற மாதிரி

எனக்குப் படிக்கத் தெரிந்ததே நாடகத்தால்தான். வசனம் பாடம் பண்ணுகிறவர் தாளை இருபது முறை பார்த்து வாசித்துக்கொண்டு இருப்பதில்லை. ஒருமுறை வாசித்துவிட்டுக் கையால் மறைப்பார், சொல்லிப் பார்ப்பார், தடுக்கிய இடத்தை மட்டும் திறந்து பார்ப்பார், மறுபடி மறைப்பார். அடுத்த நாள் ஒத்திகையில் தாள் இல்லாமல் நிற்பார், அங்கே விட்டுப்போன வரி பிறகு ஒருநாளும் விட்டுப்போகாது. ஆனால் அதே ஆள் பாடத்தைப் படிக்கும்போது மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் போட்டு ஒரே நோட்ஸை ஐந்து முறை வாசிப்பார், எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், பரீட்சை மண்டபத்தில் கை நிற்கும்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு குழுவை நாலு முறை வாசிக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவை ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நாலு முறை வாசித்தவர்கள்தான் கெட்டி. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம்தான். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. பழைய காட்போட் பெட்டியையோ பிரிஸ்டல் போர்டையோ உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் நாலு வரிக்கு மேல் போகாத பதில். என்னிடம் இன்னும் ஒரு அட்டை இருக்கிறது, ஓரம் தேத்தண்ணி பட்டுப் பழுப்பாகிவிட்டது. முன்பக்கம் "1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? யாரிடம் அது இருக்கவில்லை?" பின்பக்கம் "தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி. தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்களில் பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. பிரஜாவுரிமை போனது, அடுத்து வாக்குரிமை போனது." அட்டையை முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று எடுத்துச் சொல்லிப் பாருங்கள். தப்பிய அட்டை மறுபடி முதல் நாள் கட்டுக்குப் போகும். பஸ்ஸுக்கு நிற்கும்போது, கென்டீனில் வரிசையில் நிற்கும்போது எல்லாம் எடுக்கலாம். வாயைத் திறந்து சொல்லுங்கள், மனதுக்குள் சொல்வது ஏமாற்றிவிடும்.

பழைய வினாத்தாள்களை ஐந்து வருடத்துக்காவது தேடி எடுங்கள், லைப்ரரியில் கிடைக்காவிட்டால் மூத்த பெட்ச் அக்காமாரிடம் கட்டாயம் இருக்கும். மூன்று மணித்தியாலத்தில் நாலு கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 45 நிமிடம், அதில் ஐந்து நிமிடம் குறிப்பு போட, ஐந்து நிமிடம் திரும்பிப் பார்க்க, எழுதுவதற்கு 35தான். கடிகாரத்தை முன்னால் வைத்து, ஒரே இருப்பில், கையால் எழுதிப் பாருங்கள். டைப் பண்ணிப் பழகிய விரலுக்கு இரண்டாவது கேள்வியிலேயே வலி வந்துவிடும், அந்த வலியைப் பரீட்சைக்கு முன்னால் பழக்கிக்கொள்வது நல்லது. மூன்று கேள்வியை அருமையாக எழுதிவிட்டு நாலாவதை விட்டவரை விட, நாலையும் சுமாராக எழுதியவருக்குத்தான் பெரும்பாலும் புள்ளி கூட வரும், ஒரு பதிலின் முதல் பாதிப் புள்ளிகள் சுலபமாக வரும், கடைசிப் புள்ளிகள்தான் கஷ்டம்.

குப்பி, அதாவது மாணவர்கள் தங்களுக்குள்ளேயே கூடிப் பாடம் சொல்லிக்கொடுப்பது, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள், இன்றைக்கு டியூப் லைட்டுக்குக் கீழேதான் நடக்கிறது, ஆனாலும் பெயர் மாறவில்லை. விளங்காத பாடத்துக்குக் குப்பி கேட்டுப் போங்கள், விளங்கிய பாடத்துக்கு நீங்களே குப்பி செய்யுங்கள். எதிரே இருக்கிற நாலு பேருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல முடிந்தால் அந்தத் தலைப்பு உங்களுடையது. தமிழ் மொழி மூலம் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் மட்டும் புத்தகம் இருக்கிற பாடங்கள் நிறைய உண்டு, அந்தப் பாடங்களை ஆளுக்கு ஒரு அத்தியாயமாகப் பிரித்து, வாசித்து, குப்பியில் தமிழில் சொல்லிக் கொடுங்கள், தனி ஆளாக ஒரு மாதம் எடுக்கிற வேலை ஒரு கிழமையில் முடியும்.

பரீட்சைக்கு முந்தின இரவு தூங்குங்கள். விடிய விடிய ஆடுவது கூத்துக்குச் சரி, அடுத்த நாள் அவர்களுக்குப் பேப்பர் இல்லை.

கதைப் புத்தகத்தை எங்கே வைப்பது

தலையணைக்குப் பக்கத்தில். இரவு படித்து முடித்து நோட்ஸை மூடிய பிறகு இருபது நிமிடம், போனைத் தூர வைத்துவிட்டு. இதில் இரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். பாடத்தோடு தொடர்புள்ள புத்தகமாக இருக்கக் கூடாது, அதில் கோடு போடக் கூடாது. இது உங்களுக்காக வாசிப்பது. படிக்கிற குற்ற உணர்ச்சி இங்கேயும் பின்னால் வந்தால் இருபது நிமிடமும் வீண்.

பரீட்சை நடக்கிற கிழமைகளில் நாவலைத் தொடாதீர்கள், நல்ல நாவல் இருபது நிமிடத்தில் விடாது, இரவு இரண்டு மணிக்குக் கடைசி அத்தியாயத்தில் இருப்பீர்கள். சிறுகதை எடுங்கள், இரவுக்கு ஒன்று, முடிந்தால் தூக்கம். நாவலைக் கடைசிப் பேப்பருக்குப் பிறகு ரயிலுக்கு என்று எடுத்து வையுங்கள். பேராதனைச் சந்தியில் ஏறி ஹட்டன் வரைக்கும் ஜன்னலோரம் கிடைத்தால் அதைவிட நல்ல வாசிப்பு அறை இல்லை, என்ன, நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கண் புத்தகத்தில் நிற்காது.

புத்தகம் வாங்கக் காசில்லை என்பது உண்மையான பிரச்சினை. மகாபொல உதவிப் பணம் வந்த அன்றே போட்டோகொப்பிக் கடைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். கெம்பஸ் பிரதான நூலகத்தில் தமிழ்ப் பகுதி இருக்கிறது, பாடப் புத்தகம் எடுக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நூலகம் இணையதளம் 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் பண்ணி இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது, இன்று எந்தக் கடையிலும் கிடைக்காத பழைய மலையகக் கதைத் தொகுதிகள் அங்கே இருக்கின்றன. லீவுக்குப் போகுமுன் கெம்பஸ் வைஃபையில் பத்துப் பதினைந்தை இறக்கிக்கொள்ளுங்கள், தோட்டத்தில் சிக்னலுக்காகத் தேயிலை மேட்டில் ஏறி நிற்க வேண்டியிருக்கும்.

வாசிக்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு ஆள் பேசுகிற வரி உங்களைப் பிடித்து நிறுத்தினால் அதைச் சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். ரூம்மேட் தூங்கினால் முணுமுணுத்தாலும் சரி. வாயில் நன்றாக உட்காருகிற வரிக்கும் கண்ணுக்கு மட்டும் அழகாக இருக்கிற வரிக்கும் வித்தியாசம் அப்படித்தான் தெரியும். நாடகம் எழுதப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது.

நாடகம்: ஒரு இரவு, ஒரு பெட்டி, மூன்று பேர்

முதல் நாடகத்துக்குப் பெரிய கதை எடுக்காதீர்கள். 1823இல் நம் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்ததில் தொடங்கி, கோப்பி அழிந்து, தேயிலை வந்து, முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் 1940இல் தொழிலாளி கோவிந்தன் பொலிஸால் சுடப்பட்டு, இன்றைய சம்பளப் பிரச்சினை வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மேடையில் சொல்ல எல்லாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. அது விரிவுரையாகத்தான் முடியும். இவ்வளவு பெரிய சரித்திரத்தில் ஒரே ஒரு இரவை எடுங்கள்.

மேலே சொன்ன அந்தப் பழுப்பு அட்டையிலிருந்துதான் எங்கள் நாடகம் வந்தது. 1948க்கு அடுத்த அட்டையில் 1964 ஒக்டோபர் 30, இலங்கையும் இந்தியாவும் தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரித்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று இருந்தது. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் அப்பாயி, அப்பாவின் அம்மா, சொல்கிற ஒரு கதை நினைவு வந்தது. அவரின் தங்கச்சி குடும்பம் இந்தியா போகிற முந்தின இரவு, ஒரு டிரங்குப் பெட்டிக்குள் எதை வைப்பது எதை விடுவது என்று சண்டை. அம்மிக்கல்லை எடுத்துப் போக முடியாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அதைக் கழுவித் துடைத்து இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், வைத்திருந்தார்களாம். அந்தப் பரீட்சைக் காலத்தில் நாடகத்துக்காக நான் செய்தது இவ்வளவுதான்: கொப்பியில் "அம்மிக்கல், கழுவி, இஸ்தோப்பில்" என்று எழுதி வைத்தேன். மூன்று சொல். லீவில் அதிலிருந்து இருபத்தைந்து நிமிட நாடகம் வந்தது.

நீங்களும் அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எழுத வேண்டாம், பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்கிற நேரமும் முக்கியம், வேலை முடிந்து வந்து கை கால் கழுவி ஒரு பிளேன்டீ குடித்த பிறகு. போனை நீட்டி ரெக்கோர்ட் பண்ணினால் பேச்சு மேடைப் பேச்சாக மாறிவிடும், அதனால் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். "ஒப்பந்தத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "அன்றைக்கு ராத்திரி என்ன சமைத்தீர்கள், அப்பாயி" என்று கேட்டுப் பாருங்கள். தலைமன்னாருக்கு ரயிலேறியது, ராமேஸ்வரம் கப்பல், மண்டபம் முகாம், அங்கிருந்து வந்த முதல் கடிதம் எல்லாம் அந்தச் சமையலுக்குப் பின்னாலேயே வரும்.

எழுதும்போது காட்சிக்கு ஒரு ஆள் ஒரு பொருளைக் கேட்கட்டும், இன்னொருவர் மறுக்கட்டும், அவ்வளவு போதும். நான் எழுதிப் பார்த்ததில் கையெழுத்தில் ஒரு பக்கம் மேடையில் ஒன்றரை நிமிடம் பிடித்தது. பேச்சு தோட்டத்துப் பேச்சாகவே இருக்கட்டும், பாத்திரம் பேசும்போது இலக்கணம் பார்க்காதீர்கள். பேராதனையில் 1960களின் தொடக்கத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆட்டத்தையும் தாளத்தையும் விடவில்லை, நீளத்தைத்தான் விட்டார். நமக்கும் அது நல்ல பாடம். காமன் கூத்திலிருந்தோ பொன்னர் சங்கரிலிருந்தோ அருச்சுனன் தபசிலிருந்தோ ஒரு தாளத்தை, ஒரு நடையை எடுங்கள், ஆனால் அதை ஆடுகிறவரிடமே கேட்டுக் கற்று எடுங்கள், யூடியூபில் பார்த்து எடுக்காதீர்கள்.

தப்பு அடிக்கிற மாமாவை நாங்கள் மூன்றாம் ஒத்திகைக்குத்தான் கூப்பிட்டோம், அது பிழை, முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் வந்ததும் தப்பைக் கையில் எடுக்கவில்லை. காய்ந்த மானாப் புல்லும் வைக்கோலும் கொஞ்சம் கூட்டித் தீ மூட்டினார், தோலை அதற்குமேல் காட்டிக் காட்டித் திருப்பினார், விரலால் ஒரு தட்டு, காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டார், மறுபடி தீ. மூடுபனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும், சத்தம் சொத்தென்று விழும் என்றார். நாடகம் இருபத்தைந்து நிமிடம் என்றால் நடுவில் ஒருமுறை காய்ச்ச வேண்டும். நாங்கள் அந்தக் காய்ச்சலையே நாடகத்துக்குள் வைத்துவிட்டோம், வீட்டில் அடுப்பு அணைகிற இடத்தில் வெளியே அவர் தீ மூட்டுவார், மூன்று பேரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பார்த்த சனத்துக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது. ஆகவே பின்னணி இசையை லெப்டொப்பில் போடுகிற யோசனை இருந்தால் தயவுசெய்து விடுங்கள்.

பிள்ளைகளை நடிக்க வைக்கிறீர்கள் என்றால் ஒத்திகை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், நாலரைக்குத் தொடங்கினால் இருட்டுமுன் முடியுங்கள், தனியாக அனுப்பாமல் லயம் லயமாகக் கூட்டிக்கொண்டுபோய் விடுங்கள். சிறுத்தை நடமாட்டம் இருக்கிற தோட்டங்களில் இது கட்டாயம். ஒத்திகை இடத்துக்கு மேலே மரத்தில் குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள், தப்புச் சத்தமும் புகையும் அவற்றுக்கு ஆகாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதப் போகிற பிள்ளைக்குப் பெரிய பாத்திரம் கொடுக்காதீர்கள், அந்த அம்மா உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் மனதுக்குள் கவலைப்பட்டுக்கொண்டு இருப்பார்.

பிள்ளைகளுக்கு வசனத் தாள் கொடுக்காமல் தொடங்குவது நல்லது. "இது உன் பாட்டியின் சேலை, இதைப் பெட்டியில் வைக்க அண்ணன் விடமாட்டான், நீ என்ன சொல்வாய்?" என்று கேட்டு விடுங்கள். எங்கள் குழுவில் ஒன்பது வயதுத் தங்கச்சி ஒருத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் கட்டிக்கிட்டே வாரேன்" என்று அந்தச் சேலையை உடுப்புக்கு மேலே சுற்றிக்கொண்டாள். நான் எழுதி வைத்திருந்த ஆறு வரியை அந்த இடத்திலேயே அடித்தேன்.

அனுமதி விஷயத்தை முதல் கிழமையிலேயே முடியுங்கள். கோயில் கமிட்டி, தோட்டத் தலைவர், இடம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், ஒபிஸ், பாடசாலை ஹோல் என்றால் அதிபர். ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். இதற்குக் கெம்பஸில் இருக்கும்போதே ஒரு பயிற்சி செய்யலாம். பேராதனை சரச்சந்திர திறந்தவெளி அரங்கு, எல்லாரும் வல என்று சொல்கிற இடம், யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் போய் ஒருவர் கீழே மேடையில் நின்று ஒரு வரி சொல்லட்டும், மற்றவர் மேல் வரிசையில் இருந்து கேட்கட்டும். கத்தினால் சத்தம் வரும், சொல் வராது. கொஞ்சம் நிதானமாக, வரியின் கடைசிச் சொல்லை விழுங்காமல் சொன்னால் சொல் மேலே வரும். நம்மில் பலர் கடைசிச் சொல்லைத்தான் விழுங்குகிறோம், தமிழில் வினைச்சொல் அங்கேதானே இருக்கிறது.

வெளிச்சத்துக்கு இரண்டு பல்ப் போதும், ஒன்று பெட்டிக்கு மேலே, மற்றது பக்கவாட்டில். கரண்ட் போகும் என்று நினைத்தே இரண்டு அரிக்கன் லாம்பை எண்ணெய் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் இரவலாக வாங்குங்கள், வாங்கும்போதே யாருடையது என்று கொப்பியில் எழுதுங்கள். சேலை, கொழுந்துக் கூடை, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு, பித்தளைச் செம்பு, பெட்டி. சாமான் கொடுத்தவர் கட்டாயம் பார்க்க வருவார், தன் செம்பு மேடையில் வரும்போது பக்கத்தில் இருக்கிறவருக்குக் காட்டுவார், அவரோடு இன்னும் நாலு பேர் வருவார்கள். நோட்டீஸ் ஒட்டுவதைவிட இது வேலை செய்யும்.

நாடகம் முடிந்த மறுநாள் காலையில் சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது கொப்பியையும் எடுத்துப் போங்கள். டிரங்குப் பெட்டி கொடுத்த தாத்தா என்னிடம் பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த கடதாசித் துண்டு ஒன்றை விரலால் தடவிவிட்டு, "நீங்க காட்டின மாதிரி இல்ல புள்ள, அன்னைக்கு ராத்திரி யாரும் சண்டை பிடிக்கல, ஒருத்தரும் பேசவே இல்ல" என்றார். பிறகு உட்காரச் சொன்னார். கண்டிக்குப் போகிற பத்தரை பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படாதீர்கள், அடுத்த பஸ்ஸில் போகலாம்.